எஞ்சினில் நூறு... சக்கரத்தில் எத்தனை?

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர் ஒருவரின் கருத்து)



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று சங்கத்துத் தோழர்கள் கேட்டார்கள். "கவிதையா, நட்பைப் பற்றியா?" என்றேன். "எதுவா இருந்தாலும் சரி, பக்கம் நிறையணும்" என்றார்கள். கவிதை எனக்கு வராது. நட்பைப் பற்றிப் போன வருடமே நான்கு பேர் எழுதிவிட்டார்கள். ஆகவே, ஆறு மாதமாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை.

எங்கள் பெரியப்பா திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிறார். சொந்தமாக நாலு ஏக்கர். மீதி நாளெல்லாம் ஊர் வயலுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு டிராக்டர் ஓட்டுவார். பழைய வண்டி 35 எச்.பி. அது ஓய்ந்துபோனதால், இரண்டு கம்பெனி நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். "நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, எது தேவலாம்னு பாத்துச் சொல்லுப்பா."

நான் இரண்டு நோட்டீஸிலும் பார்த்தது ஒரே ஒரு எண்ணைத்தான். ஒன்றில் 39. இன்னொன்றில் 50. "இதிலே யோசிக்க என்ன இருக்கு பெரியப்பா? ஐம்பதுதான்!" என்றேன். பெரியம்மாவின் நகை பேங்குக்குப் போயிற்று. ஐம்பது எச்.பி. வண்டி வீட்டுக்கு வந்தது. பழைய வண்டியின் கேஜ் வீல் இதற்குச் சேரவில்லை. புதிதாகச் செய்ய வேண்டும் என்றால் கையில் காசு இல்லை. அப்போதும் நான்தான் சொன்னேன்: "ஐம்பது எச்.பி. பெரியப்பா! டயரிலேயே இழுத்துடும்."

சம்பாவுக்குச் சேடை ஓட்ட இறங்கிய அன்று நானும் வரப்பில் நின்றேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. எஞ்சின் என்னவோ கம்பீரமாகத்தான் உறுமியது. சேறு ஆளுயரத்துக்கு வாரி அடித்தது. வண்டி மட்டும் நகரவில்லை. கீழே கீழே போய் அச்சு வரை அமுங்கிவிட்டது. கடைசியில் பக்கத்து வயல்காரரின் சின்ன வண்டி, கேஜ் வீல் மாட்டியது, வந்து வடம் கட்டி இழுத்துப் போட்டது. அது 35 எச்.பி.!

பெரியப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டே, "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்பா" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் எனக்குள் ஒரு கேள்வி வந்தது. நாம் மூன்று வருடம் படித்த படிப்பு எந்த இடத்தில் நின்றுபோகிறது? நான் சொல்கிறேன்: ஃப்ளைவீலில் நின்றுபோகிறது! அதைத்தான் இந்தக் கட்டுரையில் வாதாடப் போகிறேன்.

லேபில் நாம் செய்வது என்ன?

எல்லா பாலிடெக்னிக்கிலும் இருக்கும் அதே 5 எச்.பி. ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். அதன் ஃப்ளைவீல் பக்கம் ஒரு டிரம், டிரம்மைச் சுற்றி ஒரு கயிறு, ஒரு பக்கம் எடைக்கல், ஒரு பக்கம் ஸ்பிரிங் தராசு. லோடு ஏற்று, ஆர்.பி.எம். குறி, டீசல் இறங்கும் நேரத்தை ஸ்டாப் வாட்சில் பிடி, பிரேக் பவரைக் கணக்குப் போடு, வில்லன்ஸ் கோடு வரை, உராய்வுத் திறனைக் கண்டுபிடி. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கு. முடிந்தது!

தப்பு சொல்லவில்லை. நல்ல பரிசோதனைதான். எரிபொருளில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கிராங்க் ஷாஃப்டுக்கு வருகிறது, மீதி புகையிலும் ரேடியேட்டரிலும் போகிறது என்பதை அதில்தான் கண்ணால் பார்த்தோம். ஆனால் ஊரில் யாராவது ஃப்ளைவீலை வைத்து உழுகிறார்களா? கும்பகோணத்துக்கு யாராவது கிராங்க் ஷாஃப்டில் ஏறிப் போகிறார்களா? எஞ்சினுக்கும் ரோட்டுக்கும் நடுவில் கிளட்ச், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், கிராஸ், கிரவுன் பினியன், ஆக்ஸில், பேரிங், டயர் என்று ஒரு ஊரே இருக்கிறது. அந்த ஊர் வழியாகப் போகும் சக்தியில் ஆளாளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் அந்தப் பாகங்களின் படத்தைத்தான் வரைகிறோம். ஒவ்வொன்றும் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று ஒரு நாளாவது அளந்தோமா?

மேட்டூரில் திறந்தது கடைமடைக்கு வருமா?

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள டெல்டாக்காரனுக்கு அமெரிக்கப் புத்தகம் வேண்டாம். ஆற்றைப் பார்த்தால் போதும்.

1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை. வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. ரேடியோவிலும் டி.வி.யிலும் "வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு" என்று சொல்வார்கள். அது மேட்டூர்க் கணக்கு. தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வெண்ணாற்றில் வந்தது நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மறுபடி மூன்றாகப் பிரிந்து, வாய்க்கால், கன்னி வாய்க்கால் எல்லாம் தாண்டி எங்கள் பெரியப்பா வயல் மடைக்கு வரும்போது எவ்வளவு இருக்கும்? வழியில் மணல் குடித்தது, வெயில் குடித்தது, உடைந்த மதகு குடித்தது போக மிச்சம்தான். மேட்டூர்க் கணக்கை வைத்துக் கடைமடைக்காரன் நாற்றங்கால் விட்டால் நாற்று கருகும். நான் பெரியப்பாவுக்குச் சொன்னது மேட்டூர்க் கணக்கு!

இன்னொன்றும் கவனியுங்கள். ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாகத் திறந்தால் என்ன ஆகும்? மணல் குடிக்கும் தண்ணீர் அதே விகிதத்தில் குறைந்துவிடாது. வறண்ட ஆற்றுப்படுகை தனக்கு வேண்டியதைக் குடித்துவிட்டுத்தான் மீதியை விடும். திறந்தது கொஞ்சம் என்றால் கடைமடைக்கு ஒன்றுமே எட்டாமல் போகலாம். அதனால்தான் எல்லா ஆற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் விடாமல், முறை வைத்து ஒவ்வொன்றாக நிறைய விடுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸின் ரகசியம் பாதி இதில்தான் இருக்கிறது.

"பதினைந்து சதவீதம் போயிடும் சார்"

வைவாவில் "எஞ்சின் பவரில் எவ்வளவு வீலுக்கு வராது?" என்று கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் "பதினைந்து சதவீதம் சார்" என்போம். எங்கிருந்து வந்தது இந்தப் பதினைந்து? சீனியர் சொன்னார். அவருக்கு அவருடைய சீனியர் சொன்னார். ஆம்னி வேனுக்கும் பதினைந்து, லாரிக்கும் பதினைந்து, முதல் கியரிலும் பதினைந்து, டாப் கியரிலும் பதினைந்து! எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம்.

உண்மை என்னவென்றால், இழப்பு இரண்டு வகை. ஒன்று, பாரத்துக்கு ஏற்பக் கூடுவது. கியர்ப் பல்லோடு பல் அழுத்திக்கொண்டு உரசும்போது ஏற்படுவது இது. எவ்வளவு டார்க் போகிறதோ அவ்வளவு உரசல். நேரான பல், சாய்வான பல் கியர்களில் ஒரு ஜோடிக்கு ஒன்று இரண்டு சதவீதம் என்ற அளவில்தான் இருக்கும்.

இன்னொன்று, பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போவது. கியர் சக்கரங்கள் ஆயிலைக் கலக்கிக்கொண்டே சுற்ற வேண்டும். ஆயில் சீல் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். பேரிங் கிரீஸைப் பிசையும். பிரேக் ஷூ லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். இது வேகத்தைப் பொறுத்தது; ஆயிலின் கெட்டித்தன்மையைப் பொறுத்தது. டார்க் எவ்வளவு என்று இது கேட்பதே இல்லை. ஆற்று மணல் குடிக்கிற தண்ணீர் மாதிரி.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். எண்கள் என் கற்பனை, வழிமுறை நிஜம். ஒரு வண்டியில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மாறாத இழப்பு 2 கிலோவாட், பாரத்தைப் பொறுத்த இழப்பு 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 10 கிலோவாட் கொடுத்தால் இழப்பு 2.4, சக்கரத்துக்கு 7.6. அதாவது நூற்றுக்கு 24 போயிற்று! அதே வேகத்தில் எஞ்சின் 40 கிலோவாட் கொடுத்தால் இழப்பு 3.6, சக்கரத்துக்கு 36.4. நூற்றுக்கு 9 மட்டும்தான் போயிற்று. அதே வண்டி, அதே கியர், அதே ஆயில். எங்கே போனது உங்கள் பதினைந்து?

இதே தப்பைப் பெரிய ஆட்களும் செய்கிறார்கள். எஞ்சினை மட்டும் மாற்றி நூறு எச்.பி.யை இருநூறு ஆக்கிவிட்டு, "முன்னே பதினைந்து போச்சு, இப்போ முப்பது போகும்" என்று கணக்குப் போடுகிறார்கள். கியர்பாக்ஸ் அதேதான். ஆயில் அதேதான். அந்த மாறாத பங்கு எதற்காக இரட்டிப்பாக வேண்டும்?

சந்தேகம் இருந்தால் கையை வைத்துப் பாருங்கள். இழந்த சக்தி மாயமாகப் போய்விடாது, சூடாக மாறும். நூறு எச்.பி.யில் பதினைந்து எச்.பி. என்றால் சுமார் 11 கிலோவாட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி பதினொன்றை ஒன்றாகப் போட்டால் வரும் சூடு! அவ்வளவும் ஒரு கியர்பாக்ஸுக்குள்ளும் ஒரு ஆக்ஸிலுக்குள்ளும் நின்று நிலைத்து எரிந்தால் ஆயில் என்ன கதி ஆகும்? ஆகவே, உருளை மேல் சக்கரத்தை ஓடவிட்டு அளக்கும் சேஸிஸ் டைனமோமீட்டரில் காணாமல் போகிற அத்தனையும் கியர் தின்றதில்லை. டயர் உருளையில் நசுங்கி நிமிர்வதில் ஒரு பங்கு போகிறது. வேகம் ஏற்றிக்கொண்டே அளந்தால், சக்கரம், டிரம், ஷாஃப்ட் இவற்றைச் சுழற்றி வேகப்படுத்தவும் ஒரு பங்கு போகிறது. அது இழப்புகூட இல்லை. அந்தப் பாகங்களில் சேர்த்து வைத்த சக்தி. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "டிரான்ஸ்மிஷன் லாஸ்" என்று சீட்டு ஒட்டிவிடுகிறோம்.

இங்கே இன்னொரு மூடநம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். "ஃபர்ஸ்ட் கியர்ல பவர் ஜாஸ்தி" என்று நாமே பேசுகிறோம். கியர் டார்க்கைப் பெருக்கும், வேகத்தைக் குறைக்கும். பவரைப் பெருக்கவே பெருக்காது. ஒவ்வொரு ஜோடிப் பல்லிலும் பவர் கொஞ்சம் குறையும். அவ்வளவே.

அம்பாசடரும் மாருதியும்

தஞ்சாவூரில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். நாகப்பட்டினம் போய்த் திரும்பிய பழைய அம்பாசடர் ஒன்று அவர் பட்டறையில் நின்றது. "கியர்பாக்ஸ்ல கை வைங்க தம்பி. இப்ப பின்னாடி கிரவுன் ஹவுசிங்ல வைங்க. எது சூடு?" என்றார். பின்னால்தான் நன்றாகச் சுட்டது. "ஏன் பாய்?" "அத நீங்கதான் சொல்லணும், படிக்கிறவரு!"

யோசித்துப் பார்த்தேன். அம்பாசடரில் டாப் கியர் போட்டால் எஞ்சின் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் நேராகக் கோர்த்துக்கொள்ளும். எந்தப் பல் வழியாகவும் பாரம் போகாது. கீழே லே ஷாஃப்ட் சும்மா ஆயிலைக் கலக்கிக்கொண்டு சுற்றும், அவ்வளவுதான். ஆனால் பின்னால் போகும் சக்தி அங்கே தொண்ணூறு டிகிரி திரும்பியாக வேண்டும். அங்கே இருப்பது ஹைபாய்டு கிரவுன் பினியன். அதில் பல்லும் பல்லும் உருளுவதோடு நிற்காமல் நீளவாக்கில் வழுக்கவும் செய்யும். சத்தம் குறைவு, பலம் அதிகம். அதற்கு விலை உரசலும் சூடும். அதனால்தான் அதற்குத் தனியாக ஹைபாய்டு கியர் ஆயில் கேட்கிறார்கள். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே ஆயில்தான்!

1983-ல் வந்த மாருதி 800-ஐ எடுங்கள். எஞ்சினைக் குறுக்கே படுக்கவைத்து, முன் சக்கரத்தையே ஓட்டுகிறார்கள். சக்தி திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. நீளமான புரொப்பல்லர் ஷாஃப்டும் இல்லை. கியர்பாக்ஸில் ஒரு ஜோடி, ஃபைனல் டிரைவில் ஒரு ஜோடி, இரண்டும் சாய்வுப் பல். டாப் கியரில் நேர் கோர்ப்பு இல்லாதது ஒரு நஷ்டம். ஹைபாய்டு இல்லாதது அதைவிடப் பெரிய லாபம். இரண்டு வண்டியும் 2014-ல் உற்பத்தி நின்றுபோனவை. ஆனால் நம் ஊர்ப் பட்டறைக்குள் நுழைந்தால் இன்னும் கையில் கிடைக்கும் பாடப் புத்தகங்கள். இவை இரண்டுக்கும் ஒரே பதினைந்து சதவீதம் என்று சொல்பவனுக்கு நான் ஒரு மார்க்கும் போட மாட்டேன்.

ரோட்டோடு முடியவில்லை

காருக்கு இதோடு கணக்கு முடியும். தார் ரோட்டில் டயர் நன்றாகப் பிடிக்கும். டிராக்டருக்குக் கணக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெரியப்பா வண்டியையே எடுங்கள். 50 எச்.பி. என்பது எஞ்சினை டெஸ்ட் பெஞ்சில் வைத்து எடுத்த அளவு. அது பொய் இல்லை. ஆனால் அது வேறு கேள்விக்கான பதில். கியர், ஆக்ஸில் எல்லாம் தாண்டிச் சக்கரத்துக்கு 44 வந்தது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் பத்தடி சுற்ற வேண்டிய இடத்தில் வண்டி ஆறடிதான் நகர்கிறது என்றால் வழுக்கல் 40 சதவீதம். அந்த இடத்திலேயே 44-ல் 40 சதவீதம் சேற்றுக்குப் போயிற்று; மிச்சம் 26 சொச்சம். அதிலும் அமுங்கிய சக்கரம் தன் முன்னால் உள்ள சேற்றைத் தள்ளிக்கொண்டு போக ஒரு பங்கு. கலப்பைக்கு என்ன மிஞ்சும்? வழுக்கல் நூறு சதவீதம் ஆகிவிட்டால் கலப்பைக்குப் பூஜ்யம். அன்றைக்கு வயலில் நான் பார்த்தது அதைத்தான். ஐம்பது எச்.பி.யும் சேற்றைக் கடைவதற்கே போயிற்று.

கனமான வண்டி காய்ந்த தரையில் நன்றாக இழுக்கும். கனமே அதற்குப் பிடிப்பு. ஆனால் நம் களிமண் வயலில் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டும்போது அதே கனம் எதிரி. பக்கத்து வயல்காரரின் சின்ன வண்டி கனம் குறைவு. கேஜ் வீல் அகலமாகப் பரந்து தாங்கியது, அதன் பட்டைகள் அடித்தரையைப் பிடித்தன. சேற்றுக்கு வந்து சேர்ந்த சக்தி அதில்தான் அதிகம்.

இன்னொரு வழியும் இருந்தது. ரொட்டவேட்டர்! அதற்குச் சக்தி சக்கரம் வழியாகப் போவதில்லை. பின்னால் இருக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 540 சுற்றில் நேராகக் கத்தியைச் சுழற்றுகிறது. சக்கரத்தின் வழுக்கலை நம்பி உழவு இல்லை. சுற்றும் கத்தி வண்டியை முன்னால் தள்ளவும் செய்யும். ஆகவே டெல்டாவில் டிராக்டர் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது எஞ்சின் எச்.பி. அல்ல. பி.டி.ஓ. எச்.பி. எத்தனை? வண்டி எடை எத்தனை? கேஜ் வீல் சேருமா? இந்த மூன்றும்தான். இந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இல்லை. நானாகத் தேடவும் இல்லை.

ஒரு விவசாயி செய்த காரியம்

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்று ஒரு விவசாயி. வாங்கிய டிராக்டர் சொன்ன வேலையைச் செய்யவில்லை. நொந்துபோனார். அவர் சட்டசபை உறுப்பினராகவும் ஆனதால் சும்மா இருக்கவில்லை. 1919-ல் ஒரு சட்டம் கொண்டுவரக் காரணமானார். அந்த மாநிலத்தில் டிராக்டர் விற்க வேண்டும் என்றால், பல்கலைக்கழக எஞ்சினியர்கள் அதைச் சோதித்து முடிவை வெளியிட வேண்டும். 1920-ல் சோதனைகள் ஆரம்பமாயின. எஞ்சின் எவ்வளவு உறுமுகிறது என்பதல்ல, பெல்ட்டில் எவ்வளவு, இழுவைக் கொக்கியில் எவ்வளவு என்று தனித்தனியாக அளந்தார்கள். அந்தக் காலத்து டிராக்டர்களின் பெயரிலேயே இரண்டு எண்கள் இருக்கும். மெக்கார்மிக்-டீரிங் 10-20 என்றால் இழுவையில் 10, பெல்ட்டில் 20. பெயரைக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்!

கார்க்காரர்களுக்கு அந்த நேர்மை வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்கக் கார்களின் எச்.பி.யை, ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அளந்துதான் விளம்பரம் செய்தார்கள். 1972 வாக்கில் வண்டியில் இருப்பது போலவே எல்லாம் மாட்டி அளக்க ஆரம்பித்ததும், எஞ்சினில் பெரிதாக எதையும் மாற்றாமலேயே எண்கள் தடாலென்று இறங்கின. அப்போதும் அது ஃப்ளைவீல் எண்தான், சக்கர எண் அல்ல.

நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. பி.டி.ஓ. திறன், இழுவைத் திறன் எல்லாம் அங்கே அளந்து அறிக்கை தருகிறார்கள். அறிக்கை இருக்கிறது. ஆனால் அதைப் படித்து, திருத்துறைப்பூண்டி விவசாயிக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் யார்? டிப்ளமா படித்த நாம்தானே? அந்த இடத்தில் நான் நின்றேன், நின்று தோற்றேன்.

என்ன செய்யலாம்?

"சிலபஸில் இல்லை, பரீட்சைக்கு வராது" என்று சொல்வீர்கள். லேபில் சேஸிஸ் டைனமோமீட்டர் இல்லை, வாங்கப் பணமும் இல்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் பணம் இல்லாமலே செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் பழைய ஆக்ஸிலை ஸ்டாண்டில் ஏற்றி, பினியன் பக்கம் கயிறு சுற்றி, ஸ்பிரிங் தராசால் மெதுவாக இழுப்போம். பாரமே இல்லாமல் சுற்ற எவ்வளவு டார்க் வேண்டும் என்று தெரியும். ஆயிலை வடித்துவிட்டு ஒரு முறை, 90 நம்பர் ஊற்றி ஒரு முறை, 140 ஊற்றி ஒரு முறை. மூன்று ரீடிங்கே ஒரு பாடம்.

இரண்டு: காற்றில்லாத காலை நேரத்தில், ஆள் நடமாட்டமில்லாத சமதள மைதானத்தில், ஆசிரியரை வைத்துக்கொண்டு ஒரு காரை 50 கிலோமீட்டர் வேகம் ஏற்றி நியூட்ரலில் விடுவோம். 50-லிருந்து 40-க்கு இறங்க எத்தனை வினாடி? ஒரு டன் வண்டி 10 வினாடியில் இறங்கியது என்றால், தடுக்கும் விசை சுமார் 278 நியூட்டன். 45 கிலோமீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட மூன்றரை கிலோவாட். காற்று, டயர், பேரிங், ஆக்ஸில் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. பிறகு டயரில் காற்றைக் குறைத்து ஒரு முறை, பிரேக்கைச் சரி செய்து ஒரு முறை ஓட்டுவோம். எது எவ்வளவு தின்கிறது என்று பிரிந்து தெரியும். தேவை ஒரு ஸ்டாப் வாட்ச். அது இப்போது எல்லோர் போனிலும் இருக்கிறது.

மூன்று: குறுவை, சம்பா உழவு நேரத்தில் நம் ஊர் வயலுக்கே போவோம். பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. பத்துச் சுற்றுக்கு வண்டி எத்தனை அடி நகர்ந்தது? ரோட்டில் ஒரு தரம், சேற்றில் ஒரு தரம். வித்தியாசம்தான் வழுக்கல். கேஜ் வீல் மாட்டி ஒரு தரம், மாட்டாமல் ஒரு தரம். இதைவிட நல்ல ஃபைனல் இயர் புராஜெக்ட் எது? போன வருட புராஜெக்டையே பெயின்ட் அடித்து மறுபடி வைப்பதைவிட இது தேவலாம் அல்லவா?

நம் மாணவர் சங்கம் எத்தனையோ கோரிக்கை வைக்கிறது. பஸ் பாஸ் கேட்கிறோம், குடிதண்ணீர் கேட்கிறோம். நியாயம்தான். அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்து முதல்வரிடம் கொடுப்போம் என்பது என் வேண்டுகோள். வருடத்துக்கு ஒரு பரிசோதனையாவது ஃப்ளைவீலைத் தாண்டிச் சக்கரம் வரை போகட்டும். வந்த ரீடிங்கை அடுத்த ஆண்டு மலரில் அச்சடிப்போம். விவசாயி வீட்டுப் பிள்ளைகள்தானே நம்மில் பாதிப் பேர்? ஒரு மலர் ஊருக்குப் போனாலும் போதும்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று சும்மாவா சொன்னார்கள்? மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்கிறவர் சேற்றில் சுற்றிய சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். எஞ்சினுக்கும் மண்ணுக்கும் நடுவே போகிற ஒவ்வொரு எச்.பி.யும் கடைசியில் ஒரு கடைமடை விவசாயியின் மடியிலிருந்துதான் போகிறது.

பெரியப்பா பிறகு கடன் வாங்கி அந்த வண்டிக்குக் கேஜ் வீல் செய்துவிட்டார். வாடகை ரொட்டவேட்டர் மாட்டி ஓட்டுகிறார். வண்டி இப்போது வேலை செய்கிறது. பெரியம்மாவின் நகை இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் புது டிராக்டர் நோட்டீஸோடு வந்தார். பெரியப்பா என்னைக் காட்டி, "தம்பிகிட்ட கேளுங்க, மெக்கானிக்கல் படிக்குது" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

இந்தத் தடவை நான் எச்.பி.யைப் பார்க்கவில்லை. "ஐயா, உங்க வயல் களியா, மணலா? சேடைக்கா, காய்ச்சல் உழவுக்கா? என்ன மாட்டி ஓட்டப் போறீங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லச் சொல்ல, பெரியப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, கேள்வி கேட்பதிலிருந்து ஆரம்பிப்போம். அளந்து பார்த்துப் பேசுவோம். எஞ்சினோடு நின்றுவிடாமல், சக்கரம் வரை போவோம்!